மண்டை திறக்கும் குட்டு

முன்னொரு காலத்தில், பணியாரம் சரியாக வேகவில்லை என்பதற்காக நாட்டுக்கே சட்டம் போட்ட ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய பழைய சமையல்காரன் வேலையை விட்டுப் போகும்போது அரண்மனைப் பணியாரக்கல்லையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போய்விட்டான். புதுக் கல்லில் சுட்ட பணியாரம் வெளியே கருகி, உள்ளே மாவாக வழிந்தது. நமக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும். ராஜாவுக்குக் கோபம் வந்தால் சட்டம் பிறக்கும். "இன்று முதல் நம் நாட்டில் யார் எந்த இடத்தை விட்டுப் போனாலும், அங்கே பெற்றதை எல்லாம் ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்" என்று முரசு அறையச் சொல்லிவிட்டார்.

அந்தச் சட்டம் யார் தலையில் விடிந்தது தெரியுமா? பதின்மூன்று வயதுச் செவ்வந்தியின் தலையில்.

செவ்வந்தியின் அப்பா அரண்மனை யானைப்பாகர். அவரை எல்லைக் கோட்டைக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பமே மூட்டை கட்டியாயிற்று. செவ்வந்தி தலைநகரத்து மேல்பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தாள். கோட்டையில் இருந்த மேல்பாடசாலையில் சேர வேண்டுமானால் மாற்று ஓலை வேண்டும். பிள்ளை என்னென்ன படித்தது, நடத்தை எப்படி என்று பழைய பள்ளித் தலைவர் எழுதி முத்திரை வைத்துத் தரும் ஓலை அது. விஜயதசமிக்குள் ஓலையோடு போய் நிற்காவிட்டால், சின்னக் குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்து மறுபடியும் 'அ' எழுத வேண்டியதுதான். விஜயதசமியோ நெருங்கிவிட்டது.

பள்ளித் தலைவர் கூத்தப் பண்டிதர் சபையிலும் புலவர். அவர் பாட்டுப் பாடினால் ராஜா கொட்டாவி விடுவார். விகடன் கொம்பையன் வாயைத் திறந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பண்டிதருக்கு வயிறு எரியுமா, எரியாதா? அந்தக் கொம்பையன்தான் செவ்வந்திக்குத் தாய்மாமன். ஆகவே ஓலை கேட்டு அவள் வந்து நின்றதும் பண்டிதருக்கு ஒரே கொண்டாட்டம்.

"சட்டம் தெரியாதா பெண்ணே? இங்கே பெற்ற பாடத்தை எல்லாம் திருப்பிக் கொடு. அப்புறம் ஓலை தருகிறேன்."

"பாடத்தை எப்படிங்கய்யா திருப்பிக் குடுக்கிறது?"

"அதை உன் மாமனைக் கேள். பெரிய புத்திசாலி ஆயிற்றே!"

செவ்வந்தி அழுத கண்ணும் சிந்திய மூக்குமாகக் கொம்பையன் வீட்டுக்கு ஓடினாள்.

"மாமா, நான் பேசாம அப்பாகூட யானை குளிப்பாட்டப் போறேன். சின்னப் பிள்ளைங்களோட மணல்ல உக்கார மாட்டேன்!"

கொம்பையன் மேல்துண்டால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். ஆனாலும் அவன் வாய் சும்மா இருக்குமா?

"அட கழுதை, முதல்ல மூக்கைத் தொடை. பள்ளிக்கூடம் சேர்ந்த அன்னிக்கு உனக்கு முதமுதல்ல என்ன குடுத்தாங்க?"

"என்னத்தைக் குடுத்தாங்க! நடு மண்டையில நறுக்குன்னு ஒரு குட்டு. அங்க எல்லாருக்கும் அதுதானே மாமா? மண்டை தொறக்கிற குட்டு."

கொம்பையன் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. "நாளைக்குத் தலை வாரிப் பூ வச்சுக்கிட்டு சபைக்கு வா தாயி. வலது கை மட்டும் பத்திரம்."

மறுநாள் சபையில் பண்டிதர் முந்திக்கொண்டார். "மன்னர் பெருமானே! தங்கள் சட்டத்தைத் தங்கள் விகடனின் குடும்பமே மீறப் பார்க்கிறது."

"கொம்பையா, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார் ராஜா. பணியாரக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறோம் அரசே. பண்டிதர் எப்படி வாங்கிக்கொள்வார் என்று மட்டும் தெரிய வேண்டும்."

"கொடுத்த வரிசையில், கொடுத்த மாதிரியே! ஒன்று குறைந்தாலும் ஓலை கிடையாது" என்றார் பண்டிதர்.

"உத்தரவு. அப்படியானால் தாங்கள் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் குனிய வேண்டும்."

"எதற்கு?"

"தங்கள் பள்ளியில் முதலில் கொடுப்பது எது பண்டிதரே, பாடமா?"

பண்டிதருக்குப் பள்ளிப் பெருமை பொங்கிவிட்டது. "பாடமா? மண்டையைத் திறக்காமல் பாடம் எப்படி உள்ளே போகும்? முதலில் குட்டு, அப்புறம்தான்..." என்றவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சொன்னதைச் சபை முழுக்கக் கேட்டாயிற்று.

"அதேதான் அரசே! அதற்கப்புறமும் குட்டில்லாமல் ஒரு பாடத்தையும் இவர் கொடுத்ததில்லை. வரிசை மாறாமல் ஆரம்பிக்கிறோம். செவ்வந்தி, விரலை மடக்கு."

செவ்வந்தி விரலை மடக்கினாள். ஆனால் கை எழவில்லை. "மாமா, கணக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு, பாவம்" என்று முணுமுணுத்தாள்.

"அதையும் குடுத்துடலாம், கடைசியில" என்றான் கொம்பையன்.

"மன்னவா! குருவின் தலையில் மாணவி கை வைப்பதா?" என்று அலறினார் பண்டிதர்.

ராஜாவின் கை மெல்ல மேலே போய், கிரீடத்தைத் தள்ளிவிட்டு, நடு மண்டையில் ஓர் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அவரும் இளவரசராக இருந்தபோது கூத்தப் பண்டிதரிடம் படித்தவர்தானே!

"பண்டிதரே, நாமும் உம் பள்ளியை விட்டு வந்தவர்தாம். அங்கே பெற்றதில் ஒன்றைக்கூட இதுவரை திருப்பிக் கொடுக்கவில்லையே! நம் சட்டத்தை நாமே மீறலாமா?"

சொல்லிக்கொண்டே விரலை மடக்கியபடி சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் மந்திரி வந்து நின்றார். சேனாபதி கை விரல்களைச் சொடுக்கிக்கொண்டே, "எனக்கு வாய்ப்பாடே வராது, நான்தான் அதிகம் தர வேண்டும், வழி விடுங்கள்" என்று முன்னுக்கு வரப் பார்த்தார். அவரும் படித்தது அங்கேதான். வரிசை வாசல் வரைக்கும் நீண்டது. வாயிற்காவலன்கூட ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் கடைசியில் வந்து நின்றுகொண்டான்.

"ஓலை! எழுத்தாணி! யாராவது கொண்டுவாருங்களேன்!" என்று கத்தினார் பண்டிதர். அங்கேயே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கிடுகிடுவென்று எழுதினார். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதி நிமிர்ந்தார். சேனாபதி இன்னும் விரல் சொடுக்கிக்கொண்டிருந்தார். 'மிக நன்று' என்று திருத்தினார். ராஜாவைப் பார்த்தார். முன்னால் இன்னொரு 'மிக' சேர்த்து முத்திரை வைத்தார்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு போயிற்று. "சட்டம் இப்போதே ரத்து! பணியாரக்கல் மட்டும் வந்து சேர்ந்தால் போதும்" என்றார். முத்து மாலையைக் கழற்றிக் கொம்பையன் கழுத்தில் போட்டார். செவ்வந்தி கோட்டைக்குப் பட்டத்து யானை மேல் ஏறித்தான் போக வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

ஓலையை மார்போடு அணைத்துக்கொண்டு செவ்வந்தி பண்டிதரின் காலில் விழுந்தாள். "கணக்கை மறக்க மாட்டேங்கய்யா. போயிட்டு வரேன்."

பண்டிதர் கையைத் தூக்கினார். பழக்கதோஷம், விரல் தானாக மடங்கியது. பின்னாலிருந்து ராஜா தொண்டையைக் கனைத்தார். மடங்கிய விரல் விரிந்தது. அத்தனை வருஷத்தில் முதன்முறையாக அந்தக் கை செவ்வந்தியின் தலையில் வலிக்காமல் இறங்கியது. "நன்றாகப் படி அம்மா" என்றார் பண்டிதர்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஏனோ தங்கள் தலையைத் தடவிக்கொண்டார்கள்.