எடை போடாத காய்

மலைமேல் இருக்கும் அந்த ஊர்களில் பரங்கிக்காயைக் குழம்புக்காக வளர்ப்பவர்கள் உண்டு. எடைக்காக வளர்ப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகை ஆட்கள் கொஞ்சம்தான். வருடத்துக்கு ஒருமுறை டவுனில் நடக்கும் காய்கறிக் கண்காட்சிக்கு, நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத காய்களை வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

அவர்கள் தங்களில் ஒருவரான செபஸ்தியம்மாளைக் குரு என்று கூப்பிட்டார்கள். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. அவருடைய காயே திரும்பத் திரும்ப ஜெயித்தபோது கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

நாகலிங்கம் அவருடைய சீடர். கரண்ட் கம்பம் ஏறும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் நிறையவே மூத்தவர். அவர் குருவம்மா என்பார். குரு அவரை அண்ணே என்பார்.

ஒருநாள் சாயங்காலம் சீடர் கேட்டார்.

"உரம் வைக்கச் சொல்லிக் குடுத்தீங்க. கொடி கிள்ளச் சொல்லிக் குடுத்தீங்க. நல்ல விதையை எப்படிச் சம்பாதிக்கிறதுன்னு மட்டும் சொல்லவே இல்லையே?"

குரு அப்போது ஒரு பெண் பூவின் வாயை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் விரிய வேண்டிய பூ. கட்டாமல் விட்டால் தேனீ எங்கிருந்தாவது மகரந்தத்தைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

"நாளைக்கு வெளுக்கும்போது வந்து இந்தக் கட்டை அவுப்பேன். ஆண் பூ ஒண்ணைப் பறிச்சு இதுல தடவி, மறுபடி கட்டிருவேன். எந்தக் கொடியோட பூன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொன்னாத் தெரியும்."

"நான் பொய் சொன்னா?"

சீடர் யோசித்தார். "காயைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியாது. விதையைப் பாத்தும் முடியாது."

"அப்ப?"

"ஆளைச் சம்பாதிங்கண்ணே. விதை பின்னாடியே வரும்."

அந்த ஆட்களுக்குள் விதை விற்பது கிடையாது. கண்காட்சி முடிந்ததும் காயை அறுத்து, விதையைக் கழுவிக் காயவைத்து, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு விதைக்கும் பெயர் உண்டு. காயின் எடையும் வளர்த்தவர் பெயரும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். 'நூத்தித் தொண்ணூறு செபஸ்தி' என்றால் நூற்றுத் தொண்ணூறு கிலோ, செபஸ்தியம்மாள் வளர்த்தது என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் காய் தாய், எந்தக் கொடி தகப்பன் என்று கொடுப்பவர் வாயால் சொல்வார். வாங்குகிறவர் நம்புவார். தராசில் ஏறாத காயின் விதைக்குப் பெயரே இல்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் சேராத ஒருவர் இருந்தார். அடுத்த மலைச்சரிவில் தோட்டம் வைத்திருந்த ஒச்சப்பன். ஜெயித்தாலும் விதை கொடுக்க மாட்டார். கேட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

அந்த வருடம் ஒச்சப்பனின் தோட்டத்தில் ஒரு காய் வளர்வதாகப் பேச்சு வந்தது. பார்த்துவிட்டு வந்தவர்கள் கைகளை விரித்துக் காட்டினார்கள். பிறகு கை போதாது என்று விட்டுவிட்டார்கள்.

கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒச்சப்பன் இறந்துபோனார். பனி விழுமென்று காய்க்குச் சாக்கு போர்த்தப் போனவர், அதன்மேலேயே சாய்ந்து கிடந்தாராம்.

கருமாதிக்கு எல்லோரும் போனார்கள். குருவும் சீடரும் போனார்கள். ஒச்சப்பனின் மனைவி பேச்சியம்மா சமையல்காரரிடம் சொன்னார்.

"அந்தக் காயையே அறுத்துப் போடுங்க. போட்டிக்கு இனி யாரு தூக்கிட்டுப் போறது?"

அரிவாளுக்கு அது அடங்கவில்லை. மரம் அறுக்கும் ரம்பம் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கை வைக்கத் தயங்கினார்கள். கடைசியில் குருதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரம்பத்தைப் பிடித்தார். தோலுக்குள் ரம்பம் இறங்கியபோது தண்ணீர் வழிந்தது. காய் இரண்டாகப் பிளந்ததும் நாரோடு சேர்ந்து விதைகள் சரிந்து அவர் காலடியில் விழுந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எடைக்கு வளர்க்கும் ஆட்கள். எல்லோரும் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். ஒருவரும் குனியவில்லை.

"குருவம்மா, விதை..." என்றார் சீடர் மெதுவாக.

"சாவு வீடுண்ணே. பேசாம இருங்க."

பேச்சியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் சாப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய காயில் ருசி இல்லை. வெறும் தண்ணீர். சாப்பிட்டவர்கள் தோட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். நாரையும் விதையையும் கூடையில் வாரிக் குப்பைக்குழியில் கொட்டினார்கள். கொட்டுவதற்கு முன், யாரும் பார்க்காதபோது, சீடர் ஒரு கைப்பிடி அள்ளி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அவர் கேட்டார். "நீங்க கேட்டிருந்தா அந்தம்மா குடுத்திருப்பாங்க. ஏன் கேக்கல?"

குரு நடையைக் குறைத்தார்.

"ஒரு தடவை அவர்கிட்டக் கேட்டிருக்கேன்" என்றார். "கண்காட்சியில, அத்தனை பேர் முன்னாடியும். பதிலே சொல்லாமச் சிரிச்சார். சுத்தி நின்னவங்களும் சேந்து சிரிச்சாங்க. அதை வச்சுக்கிட்டு அவர் செத்த வீட்டுல எப்படிண்ணே கையை நீட்டுறது?"

சீடருக்கு மடியில் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தது. அவர் மடிப்பை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

விதையை வெயிலில் உலர்த்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உலர்த்தினால் குருவின் கண்ணில் படும். அவர் தினமும் வீட்டுக்கு வருகிறவர். சீடர் விதைகளை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, இறுக்கி முடிந்து, பரணுக்குள் தள்ளிவிட்டார். நாளைக்குக் காயவைக்கலாம், நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்.

கண்காட்சி வந்தது. குருவின் காய் ஜெயித்தது. கைதட்டினார்கள். அதைவிடப் பெரிய காயைத் தின்றுவிட்டுத்தான் கைதட்டுகிறோம் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வருடம் குரு மேடை ஏறிய வேகத்திலேயே இறங்கி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சீடர் பரணில் கை விட்டார். முடிச்சை அவிழ்த்ததும் நாற்றம் அடித்தது. விதைகள் கறுத்து, பூசணம் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒன்றை எடுத்து நசுக்கினார். பழுத்த புண்போல அமுங்கியது. ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார். ஒன்றுகூடத் தேறவில்லை.

பையை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

குரு பைக்குள் பார்த்தார். "எப்ப எடுத்தீங்க?"

"கருமாதியன்னிக்கு."

"காய வைக்கலையா?"

"நீங்க பாத்துருவீங்கன்னு பயம்."

திட்டுவார் என்று சீடர் காத்திருந்தார். குரு பையை முடிந்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"வாங்க. அந்தம்மாகிட்டப் போவோம்."

"என்னன்னு சொல்றது?"

"எடுத்தேன்னு சொல்லுங்க."

பேச்சியம்மா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கொடி காய்ந்து தரையோடு கிடந்தது. யாரும் அதைப் பிடுங்கவில்லை.

சீடர் பையை அவர் முன்னால் வைத்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

பேச்சியம்மா பையைத் திறந்து பார்த்தார். மறுபடி முடிந்தார்.

"திருட வேண்டிய பொருளாய்யா இது? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கழுவிக் காயவச்சுக் குடுத்திருப்பேனே."

உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். மூடியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை.

"அவர் எத்தனையோ வருசமாச் சேத்த விதை பூரா இதுலதான் இருந்துச்சு. கருமாதியன்னிக்கு இதை எடுத்து வாசப்படிகிட்ட வச்சிருந்தேன். அவர் இருந்தவரைக்கும் விதை கேட்டு ஆள் வந்துக்கிட்டே இருக்கும். அன்னிக்கு அத்தனை பேரும் வந்தீங்க. யாராச்சும் கேப்பீங்கன்னு நின்னேன். சாப்பிட்டீங்க, போயிட்டீங்க. கண்காட்சியும் வந்துட்டுப் போச்சு. ஒருத்தர் வரல. இவ்வளவுதான் போல, இந்த மனுசன் பாடுபட்டதுக்கு ஒரு மதிப்பும் இல்ல போலன்னு நெனச்சேன்."

"விதை எங்கம்மா?" என்றார் சீடர்.

"குழியில கொட்டினதை அன்னிக்கு ராத்திரியே பன்னி தின்னுருச்சு. இதைப் போன வாரம் ஆட்டுக்கு வச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

சீடர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கொட்டகைக்குள் ஆடுகள் அசைபோடும் சத்தம் கேட்டது.

குரு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். முறத்திலிருந்து ஒரு கைப்பிடி பட்டாணியை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"அக்கா, அந்தக் காய்க்குத் தாய் எது?"

பேச்சியம்மா அவரைப் பார்த்தார். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"கிழக்கு ஓரத்துல முன்னாடி ஒண்ணு வந்துச்சே, வரி வரியா. அதோட விதைதான்."

"தகப்பன்?"

"ஓடைக்கரைக் கொடி. நல்லாத் தெரியும். தடவிக் கட்டினது நான்தானே."

"நீங்களா?"

"அவருக்குக் கண்ணு மங்கி ரொம்ப வருசம் ஆச்சும்மா. பூவுக்குள்ள இருக்கிறதெல்லாம் தெரியாது. நான்தான் தடவி, நூல் கட்டுவேன். வெளிய சொல்லக் கூடாதும்பார். விதை கேட்டு யாராச்சும் வந்தா, தகப்பன் எதுன்னு தான் பாத்த மாதிரி சொல்லணும்ல? அது பொய்யாப் போயிரும். பொண்டாட்டி கட்டினதுன்னு சொல்லவும் வெக்கம். அதான் ஒண்ணும் சொல்லாமச் சிரிச்சே அனுப்பிருவார். உள்ள வந்து, பாவம்டி, ஆசையாக் கேட்டுச்சு அந்தப் புள்ளைன்னு சொல்லி வருத்தப்படுவார்."

குருவின் கையில் இருந்த பட்டாணி உரிபடாமலே இருந்தது.

"என்னையும் சொன்னாரா, அக்கா?"

"உன்னைத்தான் சொன்னார். கண்காட்சியிலேர்ந்து வந்து அன்னிக்குச் சோறு திங்கல."

அதற்கப்புறம் குரு ஒவ்வொரு கொடியாகக் கேட்டார். பேச்சியம்மா சொன்னார். எந்தக் காய் வெடித்தது, எதைப் பன்றி கடித்தது, எந்தப் பனிக்கு ஒச்சப்பன் போர்வையைக் கொண்டுபோய்க் காய்க்குப் போட்டுவிட்டுத் தான் குளிரில் கிடந்தார் என்று சொன்னார். சொல்லும்போது ஓரிடத்தில் சிரித்தார். அப்புறம் வெகுநேரம் அழுதார். முறத்தில் இருந்த பட்டாணி முழுவதும் தீர்ந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரேதான் எழுப்பி அனுப்பினார்.

சரிவில் இறங்கும்போது மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பாதை பாதிதான் தெரிந்தது. சீடர் பின்னால் நடந்தார்.

"குருவம்மா."

"சொல்லுங்கண்ணே."

"ஒரு விதைகூட இல்லைன்னு ஆயிருச்சு. இனிமே தாய் எது, தகப்பன் எதுன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்? அவ்வளவு நேரம் எதுக்குக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

குரு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தம்மா விதையோட வாசல்ல நின்னப்பக் கேக்கலையே, அண்ணே."