இளவரசி தலையாட்டிய கதை

ரொம்ப ரொம்ப நாளுக்கு முன்னே, மழை சொன்ன நாளில் வந்துகொண்டிருந்த காலத்தில், பொழில்நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அரிசி வேகும் நேரம்கூடப் பொறுக்கமாட்டார். நினைத்தால் உடனே முடிவு.

ஒருநாள் படைத்தலைவரான தண்டநாயகர் பூவராகர் சபையில் எழுந்து, இளவரசிக்கு ஏற்ற மாப்பிள்ளை என்று தன் தங்கை மகனின் பெருமையைச் சொன்னார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். இளவரசி கோமளவல்லி மெல்லத் தலையாட்டியபடி கேட்டிருந்தாள்.

“பெண் தலையாட்டிவிட்டாள். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்,” என்றார் ராஜா.

இளவரசி முகம் வெளுத்துப்போனது. சபையில் அப்பா வாக்கை மறுக்க அவளுக்கு நா எழவில்லை. மந்திரி காளத்தி அதைக் கவனித்தார்.

“மகாராஜா, அது சம்மதம் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.”

“மந்திரியாருக்குப் பெண்கள் தலையாட்டலிலும் புலமையோ?” என்று சிரித்தார் பூவராகர். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

“நிரூபியும். இல்லாவிட்டால் உம் பதவி பூவராகருக்கு,” என்றார் ராஜா.

காளத்தி மகாராணி பக்கம் திரும்பினார். “தாயே, ராஜாவின் குறட்டைக்குப் பயந்து அரண்மனையில் புறாகூடத் தங்குவதில்லை.”

ராணி தலையாட்டினாள்.

“அவர் படுக்கையை யானைக் கொட்டிலுக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை. யானை ஒப்புக்கொள்ள வேண்டும்.”

அதற்கும் ஆட்டினாள்.

“என்னடி, இதற்கு நீயும் சம்மதமா?” என்று பதறினார் ராஜா.

“யார் சம்மதித்தது? பாவம், மனுஷர் பேசுகிறார். தலையாட்டாமல் இருந்தால் தூணோடு பேசுகிற மாதிரி இருக்காதா?”

காளத்தி பூவராகரிடம் வந்தார். “தண்டநாயகரே, உம்மை எல்லைக் காவலுக்கு அனுப்பலாமா?”

பூவராகர் கழுத்து கல்லாக நின்றது.

“இல்லை, மந்திரி பதவியோடு பாதிக் கஜானாவும்...”

முடிக்குமுன் அவர் தலை தஞ்சாவூர்ப் பொம்மையாய் ஆடியது. சபை கொல்லென்று சிரித்தது.

“ஆண்கள் நமக்கு வேண்டியது கிடைத்தால்தான் நம் தலை அசையும், மகாராஜா. எதிரில் பேசுகிறவர் மனசு வாடக்கூடாது என்றே பெண்கள் அசைக்கிறார்கள்.”

ராஜா மகளிடம் குனிந்தார். “வாயால் சொல்லம்மா.”

“வேண்டாம் அப்பா. அவர் அவ்வளவு ஆசையாகச் சொன்னார். நடுவில் நிறுத்த மனசு வரவில்லை.”

பூவராகர் தலை கவிழ்ந்தது. ராஜா கல்யாணப் பேச்சை நிறுத்தி, தம் முத்துமாலையைக் கழற்றிக் காளத்தி கழுத்தில் போட்டார். சபை கலைந்தது.

“என் குறட்டை நிஜமாகவே அவ்வளவு மோசமா?” என்று ராணியிடம் மெதுவாகக் கேட்டார்.

ராணி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அந்தப்புரம் பார்த்து நடந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க மந்திரியைத் தேடினார் ராஜா. அவரும் போயிருந்தார். யோசித்தபடியே ராஜா ராணியின் பின்னால் நடந்தார்.