அணைந்த சிவப்பு விளக்கு

“சட்டி செத்துப்போச்சு, தங்கச்சி!”

கொல்லைச் சுவருக்கு மேலாகக் கத்தினார் கஸ்பார்.

அடுத்த வீட்டுச் செலஸ்தீனா வலைகளுக்கு ஈயக் குண்டு வார்ப்பவள். வயதில் அவரைவிட மிகவும் இளையவள். தொழிலில் அவருக்குக் குரு. கடற்கரையில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. சுளித்துக்கொண்டிருந்தால் வலை மிதக்கும்.

இடுப்பு வலியால் கடலை விட்ட நாளில், “நம்ம கதை முடிஞ்சுபோச்சு” என்று மூலையில் உட்கார்ந்தவர் கஸ்பார். அவரை எழுப்பி, ஈயம் உருக்கும் மின்சாரச் சட்டியையும் அச்சையும் கரண்டியையும் கொடுத்தவள் அவள்தான்.

நாளை விடியலில் அவர் தம்பி புது வலையோடு கடலுக்குப் போகிறான். குண்டு வார்த்துத் தருவதாகக் கஸ்பார் வாக்குக் கொடுத்திருந்தார். இதுதான் முதல் வேலை. இதுவும் கைவிட்டால் மறுபடி மூலைதான். பாவம், அந்தப் பயத்தில்தான் அப்படிக் கத்தினார்.

செலஸ்தீனா வந்தாள்.

“என்ன செய்யுது?”

“கொஞ்ச நேரம் சிவப்பு விளக்கு எரியுது. பொறவு பொசுக்குன்னு அணைஞ்சிருது.”

“அணைஞ்சா என்ன செய்விய?”

“பிளக்கைப் பிடுங்கிருவேன். செத்ததுக்கு எதுக்குக் கரண்டு? ஆறினதும் திரும்பச் சொருகுவேன். எரியும். அணையும். காலையிலருந்து இதே கூத்து.”

“ஈயம் உருகிச்சா?”

“விளக்கே அணைஞ்ச பொறவு மூடியைத் திறந்து என்னத்தப் பாக்க?”

செலஸ்தீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிளக்கைச் சொருகினாள். விளக்கு எரிந்தது.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். காகம் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. சட்டி முனகிக்கொண்டிருந்தது.

விளக்கு அணைந்தது.

“பாத்தியா!”

பிளக்கை நோக்கிப் போன கையைக் கரண்டிக் காம்பால் தட்டினாள் அவள்.

காய்ந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அவரிடம் கொடுத்தாள்.

“மூடியைத் திறந்து இதை விட்டுப் பாருங்க.”

விட்டார். ஈர்க்கு நுனி கருகிப் புகைந்தது. உள்ளே ஈயம் பளபளவென்று தளும்பிக்கொண்டிருந்தது.

“கரண்டு இல்லாமலா?”

“தேவையான சூடு வந்ததும் அதுவா நிறுத்திக்கிடும். குறைஞ்சா அதுவா பிடிச்சுக்கிடும்.”

சொல்லி முடித்துச் சற்று நேரத்தில் விளக்கு தானாக எரிந்தது.

“மாதாவே!” என்றார் கஸ்பார். அப்பாடா என்று இருந்தது அவருக்கு. சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கரண்டியில் மொண்டு அச்சில் வார்த்தார். ஆறியதும் திறந்தார். முதல் குண்டு உருண்டு விழுந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழகு பார்த்தார்.

“இதைப் போயி செத்துப்போச்சுன்னுட்டனே.”

“யாருண்ணே அப்படிச் சொன்னது உங்களுக்கு?”

யோசித்தார்.

“யாரும் சொல்லல. நானாத்தான் சொல்லிக்கிட்டேன்.”

“கடலை விட்டு வந்த அன்னைக்கும் நீங்களாத்தான் சொல்லிக்கிட்டிய” என்று அடுத்த அச்சை நீட்டினாள் செலஸ்தீனா.