சும்மா போன நாலு கரைகள்

நீதான் எடுத்தாய். தலையை அந்தப் பக்கம் திருப்பாதே, உன்னைத்தான் சொல்கிறேன். வழியில் கிடந்தது, பார்க்க அழகாக இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. எடுத்து முடிந்துகொண்டு போய்விட்டாய். பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். நாலு பேர் நடுவில் உன் மானம் போக வேண்டாம். ஆனால் எடுத்தது என்னவென்று உனக்கே தெரியாது. அது தெரியட்டும் என்றுதான் இந்தக் கதை. மற்றவர்களும் கேளுங்கள். பெரியவர்கள், சின்னவர்கள், சோறு தின்றுகொண்டே கேட்பவர்கள், எல்லாரும்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடல் இன்னும் அலையடிக்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், தெற்குச் சீமையில் நாலுகரை என்று ஒரு பட்டினம் இருந்தது. கடல் ஒன்றுதான். ஆனால் கரைக்குக் கரை குணம் வேறு.

முதலாவது கருமணல் கரை. எள்ளை உலரப்போட்டதுபோல் கறுத்துக் கிடக்கும். உச்சி வெயிலில் அதைக் குதித்துக் குதித்துத்தான் தாண்ட வேண்டும். வள்ளங்கள் ஏறுவதும் மீன் சந்தை கூடுவதும் அங்கேதான். இரண்டாவது கூழாங்கல் குடா. அங்கே அலை சத்தமில்லாமல் வரும். திரும்பிப் போகும்போது அத்தனை கல்லும் உருண்டு கலகலவென்று பேசும். "நம்மளைப் பத்தித்தான் பேசுது" என்பார்கள் மீன் கழுவ வரும் பெண்கள். மூன்றாவது ஊளைக் குடா. அதன் முகப்பில் ஒரு குகை. காற்று நுழைந்தால் 'ஊ' என்று கத்தும். பிள்ளைகள் எதிரே நின்று பதிலுக்குக் கத்துவார்கள்.

நாலாவது மடிக் குடா. இரண்டு வள்ளம் நிற்கிற அகலம்தான். சுற்றிலும் தாழம்புதர். வெளியே எவ்வளவு பெரிய காற்றடித்தாலும் உள்ளே தண்ணீர் கணுக்காலளவில் அசையாமல் கிடக்கும். தாயின் மடி மாதிரி. பழைய சங்கை விட்டுவிட்டுப் புதுச் சங்கில் குடியேறும் சங்கு நண்டுகள் அங்கேதான் வாழ்ந்தன.

அந்தப் பட்டினத்துச் சந்தையில் குருவம்மா என்றொரு மீன்காரி. நல்லவள். ஆனால் வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒரு நாள் காலையில், கொளுத்துகிற வெயிலில், கம்பளி போர்த்திய ஒருவன் அவள் கூடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். இடுப்பில் ஒரு சுருக்குப்பை. ஆள் உயரச் சீலா மீனைத் தூக்கிச் செவுளைப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான்.

"ஒரு கொட்டைப்பாக்கு தாரேன், கொடு தாயி."

குருவம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு பாக்குக்குச் சீலாவா? மீனை மட்டும் ஏன் கேக்கீரு அண்ணாச்சி? இந்தக் கரையையும் சேத்துக் கேளுமே!"

"சரி, இந்தக் கரைக்கு அரைப் பாக்கு."

"அரைப் பாக்கு எதுக்கு? சும்மாவே தூக்கிட்டுப் போம்!"

சந்தை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "கூழாங்கல் குடா?"

"அதையும் சும்மாவே தூக்கிட்டுப் போம்!"

"ஊளைக் குடா?"

"சும்மாவே தூக்கிட்டுப் போம்!"

அவன் எழுந்தான். போகிறபோக்கில் கேட்டான்: "கொசுறு?"

பத்து மீன் விற்றால் ஒரு பொடி மீனைக் கொசுறாகப் போட்டுப் பழகிய வாய் அது. அவள் யோசிக்கும் முன்னே சொல்லிவிட்டது: "மடிக் குடாவைப் போட்டுக்கிடும்!"

"ரொம்பச் சந்தோசம், தாயி" என்று அவன் குனிந்து ஒரு சிட்டிகை கருமணலை எடுத்துப் பைக்குள் போட்டுச் சுருக்கை இழுத்தான். அவ்வளவுதான். பாயை உருவியதுபோல் மண் உருவிக்கொண்டு போனது. கூடையும் பெண்களும் மொட்டைப் பாறை ஒன்றின் மேல் நின்றார்கள். அடியில் கடல் மோதியது. கம்பளிக்காரன் நடந்தான். கூழாங்கல் குடாவில் ஒரு கூழாங்கல், ஊளைக் குடாவில் ஒரு பாறைச் சில்லு, மடிக் குடாவில் ஒரு வெள்ளைக் கல். எடுக்க எடுக்க அந்தந்தக் கரை பைக்குள் போனது. நாலு கரையும் போய், செங்குத்துப் பாறைதான் மிச்சம்.

"ஏட்டி குருவு, மீனுக்கு வாயடிச்சா பத்தாதா? கரைக்கும் வாயடிச்சியே!" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி.

குருவம்மா கடலைப் பார்த்தாள். கடலுக்குப் போன மூன்று வள்ளங்களும் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்பது பேர். அவள் புருஷன் சாத்தையா முன் வள்ளத்தில் எழுந்து நின்று கத்தினான்: "ஏட்டி, கரை எங்க?"

பாறையில் ஏற்றினால் வள்ளம் சுக்குநூறாகும். பொழுது சாய்ந்தால் கச்சான் எழும்பும். நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற மேல்காற்று அது. கரை பிடிக்காத வள்ளத்தை நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்து ஊர்க் கரையோ ஒரு நாள் தூரம்.

"அங்கனயே நில்லும்! பொழுது சாயறதுக்குள்ள கரையோட வாரேன்!" என்று கத்திவிட்டு வெறுங்கூடையைத் தலையில் வைத்து ஓடினாள்.

பாதி வழியில் கூடைக்குள்ளிருந்து ஒரு குரல். "மெதுவா ஓடு. என் சங்கு குலுங்குது."

கூடையை இறக்கிப் பார்த்தால், மடிக் குடாவிலிருந்து தப்பி வந்து ஏறிக்கொண்ட ஒரு சங்கு நண்டு. "என் குடாவைக் கொசுறாப் போட்டவ நீதான?" என்றது.

"நான்தான். கோபத்துல வாய் போயிட்டு."

"மந்திரவாதி ஒருத்தன் ஊதிட்டுப் போட்ட சங்குல நான் ஏழு வருசம் குடியிருந்தேன். அவங்க சட்டம் எனக்குத் தெரியும். வாயால கொடுத்தது வாயாலதான் திரும்பும். நீ சொன்ன அதே சொல்லை அவன் சொல்லணும், கரைக்கு ஒரு தடவை. கொசுறு கடைசியில வரும். நடுவுல நீ அவன்மேல கோபப்பட்டா, அம்புட்டும் போச்சு."

"நான் கோபப்படாம இருக்கணுமா?"

"கோவம் வந்தா நான் கிள்ளுதேன்" என்றது நண்டு.

ஊருக்கு மேற்கே தேரிக்காடு. செம்மண் மேடும் பனையும் தவிர ஒன்றும் இல்லை. முதல் மேடு ஏறினாள், இல்லை. இரண்டாம் மேடு ஏறினாள், இல்லை. மூன்றாம் மேட்டின் உச்சியில் ஒரு குடிசை; வாசலில் மடிக் குடா தவிர மூன்று கரைகளும் பாய் விரித்ததுபோல் விரிந்து கிடந்தன. கொசுறு இன்னும் பைக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கம்பளிக்காரன் காதில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உன் சரக்கு சரியில்லை தாயி" என்றான். "கரை இருக்கு, அலை வரலை."

'அலையையுமா கேட்டீரு' என்று வாய் துடித்தது. நண்டு கிள்ளியது. குருவம்மா கூடையை இறக்கி வைத்து நிதானமாகச் சொன்னாள்: "சரியில்லாத சரக்கை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீரு? எனக்கு வித்துப்போடுமே."

"ஆயிரம் யானை கொடு."

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

கருமணலில் இறங்கினாள். சாத்தையா கயிறு கட்டும் முளை அங்கே நின்றது. காலையில் அவள் கூடை பதிந்த வட்டம்கூட அழியவில்லை. பார்த்ததை முகத்தில் காட்டவில்லை. பிடித்த சரக்கை முகத்தில் காட்டுகிறவர்கள் சந்தைக்கு வரக் கூடாது.

"என்ன அண்ணாச்சி, சட்டியடியைச் சுரண்டிக் கொட்டின மாதிரி இருக்கு?"

"கருமணல் கறுப்பாத்தான் இருக்கும்."

"கொஞ்சம் கறுப்புக் கம்மியாக் கிடைக்குமா? காலு வேற சுடுது. ஆறவச்சுத் தாரீரா? கால் பாக்கு தாரேன்."

"ஆயிரம் யானை கேட்டேன்!"

"யானை இந்த மண்ணுல நிக்காது, அதுக்கும் கால் சுடும். கால் பாக்குல பாதி."

"பேசாத! சும்மாவே தூக்கிட்டுப் போ!"

கருமணல் சுருண்டு ஒரு சிட்டிகையாகி அவள் கூடையில் விழுந்தது.

அடுத்து கூழாங்கல் குடா. அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தேங்காயைத் தட்டுவதுபோல் தட்டிக் காதில் வைத்தாள். "இது முத்தல். இது இளசு. இது ஒரு பக்கம் நசுங்கியிருக்கு. பொறுக்கி எடுக்கலாமா?"

"பொறுக்கக் கூடாது! எடுத்தா மொத்தமா எடு!"

"மொத்தமா எடுத்தா பாதி கல்லாவே இருக்குமே!"

"கல்லு கல்லாத்தான் இருக்கும்!"

"அப்ப இதைக் கொஞ்சம் பிடியும், இதையும் பிடியும், எது கனமின்னு பாத்துச் சொல்லும்."

அவன் இரண்டு கையிலும் கற்களோடு நின்றான். பதினேழாவது கல் கைக்கு வந்தபோது அத்தனையையும் கீழே போட்டான். "சும்மாவே தூக்கிட்டுப் போ!"

குடா ஒரு கூழாங்கல்லாகிக் கூடைக்குள் விழுந்தது. ஆனால் இந்தத் தடவை அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்தான். "புரிஞ்சுபோச்சு தாயி, உன் வித்தை. இனி எனக்குக் கோபம் வராது. என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ."

அவள் ஊளைக் குடாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓட்டை விழுந்த சரக்கு என்றாள். எடை போட்டால் குகையைக் கழிப்பீரா என்றாள். அவன் புன்னகைத்தான். பனையோலை லேசாகச் சலசலத்தது. கச்சான் எழும்பப் பார்க்கிறது. அங்கே ஒன்பது பேர். கருமணலும் கூழாங்கல்லும் கூடையில் இருந்தாலும், மூன்றும் சேராமல் ஒன்றையும் விரிக்க முடியாது என்று நண்டு காதோரம் சொன்னது.

பேரம் பேசிப் பேசி வளர்ந்தவளுக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பேரம் தீர்ந்துபோனது. குகை வாசலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உம்மகிட்ட ஒண்ணு கேக்கேன். உமக்கு எதுக்குய்யா கரை?"

அவன் கிழக்கே, கடல் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "இந்த மேட்டுலதான் பிறந்தேன். காத்து ஓஞ்ச அன்னிக்கு அலைச் சத்தம் இங்கவரைக்கும் கேக்கும். கிட்ட போய் உக்காந்து கேக்கணும்னு ஆசை. மந்திரக்காரனை எந்த ஊர்க்காரன் உக்கார விட்டான்? அடிக்கக் கல்லைத்தான் எடுத்தான். அதான் கரையையே கொண்டாந்துட்டேன். இப்ப அலை வரலை."

குருவம்மாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன்மேல் இல்லை. "கரையில உக்கார எவன்கிட்டய்யா கேக்கணும்? சந்தை முடிஞ்சதும் நான் ஒரு நாழி உக்காருதேன். ஒரு வேலையும் கெடையாது. சும்மா உக்காருதேன். நீரும் வந்து உக்காரும். எவன் கல்லெடுக்கான்னு நான் பாக்கேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"ஒண்ணும் கொடுக்காம? ஒண்ணும் வாங்காம?"

"சும்மான்னா அதுதானய்யா."

அவன் அந்தச் சொல்லை வாய்க்குள் ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு குகையைக் கையால் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "அப்ப இதையும் சும்மாவே தூக்கிட்டுப் போ, தாயி."

மூன்றாவது கரையும் கூடைக்கு வந்தது. "கொசுறு?" என்று நண்டு கத்தியது. அவன் அவசரமாகப் பையைக் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. பையின் மூலையில் ஒரு ஓட்டை. "வர்ற வழியில விழுந்திருக்கு" என்றான், முகம் செத்துப்போய்.

மூவரும் வழியெல்லாம் தேடிக்கொண்டே ஓடினார்கள். ஒற்றைப் பனைக்குக் கீழே, மணலில், கல் விழுந்த சின்னக் குழி இருந்தது. கல் இல்லை. பக்கத்தில் யாரோ குனிந்து எடுத்த கால் தடம். அது யாருடையது என்று பார்க்க நேரமில்லை. காற்று முதுகில் தள்ளியது.

பாறை விளிம்பில் நின்று குருவம்மா கூடையைக் கவிழ்த்தாள். கருமணல் கறுப்பாக விரிந்தது. கூழாங்கற்கள் உருண்டோடித் தங்கள் இடத்தில் படுத்தன. குகை வாயைத் திறந்து 'ஊ' என்றது. பாறை தண்ணீருக்குள் இறங்கியது. வள்ளங்கள் மூன்றும் மணலில் மூக்கை வைத்த பிறகுதான் கச்சான் முழுசாக எழும்பியது.

சாத்தையா குதித்து இறங்கினான். "எங்கட்டி போன?"

"சாமான் வாங்க."

"என்ன விலைக்கு?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கணவன் தோளைப் பிடித்தபடி அழுதாள்.

கம்பளிக்காரன் கூழாங்கல் குடாவில் போய் உட்கார்ந்தான். அலை சத்தமில்லாமல் வந்தது, பேசிக்கொண்டே திரும்பியது. அவன் கம்பளியைக் கழற்றி மடித்து வைத்தான். அதோடு அவனுக்குத் தெரிந்த மந்திரமெல்லாம் மறந்துபோனது. மறந்ததைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை. குருவம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எவனும் கல்லெடுக்கவில்லை. ஊர் கூடி அவளைக் கரைக்குப் பெரியவளாக்கியது. அவளிடம் கேட்காமல் எந்தக் கரைக்கும் யாரும் பேரம் பேசக் கூடாதென்று ஆனது.

எல்லாருக்கும் நல்லதாகத்தான் முடிந்தது. நண்டுக்கு மட்டும் முடியவில்லை. குடா போனபோது பாறையில் ஒட்டித் தப்பிய அதன் கூட்டம் முழுக்கக் குருவம்மாவின் கூடையில் ஒண்டிக்கொண்டு கிடக்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் தலையை நீட்டி "கிடைச்சுதா?" என்று கேட்கிறது. "தேடுதோம்" என்கிறாள் அவள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வாயில்லை.

உனக்கு வாய் இருக்கிறதா? அந்த வெள்ளைக் கல் உன் வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது. மாடத்திலோ, பெட்டிக்குள்ளோ, காகிதம் பறக்காமல் இருக்க அதன் மேலோ. இரண்டு வள்ளம் அகலத்துக் குடாவையும் அதைச் சுற்றியிருந்த தாழம்புதரையும் காகிதத்தின் மேல் வைத்திருக்கிறாய். கீழே கிடந்தது, எடுத்தேன் என்று என்னிடம் சொல்லாதே. கீழே கிடப்பதெல்லாம் யாரோ ஒருவரின் வீடு.

எழுந்திரு. கல்லை எடுத்துக்கொள். கருமணலில் குதித்து ஓடு, கூழாங்கல்லில் மெதுவாக நட, ஊளைக் குடாவுக்குப் பதில் கத்திவிட்டுப் போ. அதைத் தாண்டினால் ஒரே ஒரு மொட்டைப் பாறை இன்னும் நிற்கும். அதனடியில் வை. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. நாளைக்கு இல்லை, இன்றைக்கே வை.