ஒரு வியாழக்கிழமைக்கு மூன்று பேர்

சொத்து என்றால் நிலம், வீடு, நகை என்றுதான் நமக்குத் தெரியும். வாரத்தில் ஒரு கிழமையையே சொத்தாக வைத்திருந்த குடும்பத்தைக் கேள்விப்பட்டதுண்டா? இது அப்படிப்பட்ட ஒரு வியாழக்கிழமையின் கதை. தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள். அதனால் பராக்குப் பார்க்காமல் கேளுங்கள்.

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் கலீசியா என்றொரு பகுதி. மழைக்குக் குறைவில்லை, தனி மொழியும் உண்டு. அங்கே பெனவேர்தே என்ற ஊரில் ஓடைத் தண்ணீரில் சுற்றும் ஒரு மாவு மில் இருந்தது. அது ஏழு வீடுகளுக்குப் பொது. வீட்டுக்கு ஒரு கிழமை. தாத்தாவின் திங்கட்கிழமை பேரனுக்கு வரும். விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது.

இன்னொரு விதியும் இருந்தது. செப்டம்பரில் ஒரு காலையில், மில்லுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை ஏழு வீட்டாரும் கூடித் தூர் வாருவார்கள். வீட்டுப் பெயரைக் கூப்பிடும்போது மண்வெட்டியை உயர்த்திக் காட்ட வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து ஒரு வீட்டு மண்வெட்டி வராவிட்டால் அந்தக் கிழமை போச்சு. ஊர் கூடி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடும்.

வியாழக்கிழமை அத்திமர வீட்டாருடையது. எழுபது வருடத்துக்கு முன் அந்த வீட்டு அண்ணனும் தங்கையும் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார்கள். அண்ணன் புவெனஸ் அயர்ஸுக்கு, தங்கை ஹவானாவுக்கு. புறப்படும்போது பக்கத்து வீட்டு எர்மிந்தாவிடம், "நாங்க வர்ற வரைக்கும் எங்க மண்வெட்டியையும் நீயே தூக்கிக் காட்டிடு. வியாழக்கிழமை நீயே அரைச்சுக்கோ" என்றார்கள்.

எர்மிந்தா வாக்குத் தவறவில்லை. அவருக்குப் பின் மகள் கார்மேயும் தவறவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் இரண்டு தோளிலும் இரண்டு மண்வெட்டிகளோடு வந்து நிற்பார். ஒன்று தன் வீட்டுக்கு. "அத்திமர வீடு!" என்று கூப்பிட்டதும் மற்றொன்று உயரும். வியாழன் அரைத்த மாவில் ரொட்டி சுட்டு வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்பார். அவர் வீட்டு முறை திங்கட்கிழமை. அந்த மாவு வெள்ளிக்குள் வாசம் போய்விடும். வியாழன் போனால் சந்தையும் போச்சு, பிழைப்பும் போச்சு.

இந்த வருடம் பாருங்கள், ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள்.

முதலில் நொயேலியா, அண்ணனின் பேத்தி. தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு. பிறப்புப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, கப்பல் பயணிகள் பட்டியல், எல்லாம் வரிசையாக இருந்தன. கலீசிய மொழியில் மட்டும் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, ஸ்பானிஷ்தான். "எங்கப்பாவுக்கு எழுபது வயசாகப் போகுது. நமக்கு அங்க ஒரு வியாழக்கிழமை இருக்குன்னு சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்" என்றாள்.

அடுத்து லிசார்தோ, தங்கையின் பேரன். ஊரிலேயே தங்கிவிடும் முடிவோடு வந்தவன். காகிதங்களை எல்லாம் ஹவானாவில் ஒரு புயல் கொண்டுபோயிருந்தது. ஆனால் அவன் பேசிய கலீசிய மொழியைக் கேட்டு ஊர்ப் பெரியவர்களே அசந்து போனார்கள். அவர்கள் பிள்ளைகளே மறந்துவிட்ட சொற்கள் அவன் வாயில் சரளமாக வந்தன. மில்லுக்கு இறங்கும்போது ஆடுகிற மூன்றாவது படியைக் குனிந்து பார்க்காமலே தாண்டினான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்களாம்.

மில் சாவி வைத்திருந்த அமாரோவின் வீட்டில் மூவரும் கூடினார்கள்.

"வாரிசுன்னா ஆதாரம் வேணும்" என்றாள் நொயேலியா.

"பாஷையே தெரியாதவங்களுக்கு இங்க ஏது வீடு?" என்றான் லிசார்தோ.

கார்மேக்குக் கோபம் வந்துவிட்டது. "வர்றோம் வர்றோம்னு எழுபது வருஷம்! அதுவரைக்கும் சேத்துல நின்னது யாரு? வியாழக்கிழமை எனக்குத்தான்."

அமாரோவுக்குத் தலை சுற்றியது. "தூர் வாருற அன்னிக்குப் பேசிக்கலாம்" என்று தள்ளிப்போட்டார். தீர்ப்பைத் தள்ளிப்போடுவதில் எந்த நாட்டுப் பெரியவரும் சளைத்தவரில்லை.

அந்த நாளும் வந்தது. வாய்க்கால் கரையில் ஏழு வீட்டாரும் நின்றார்கள். அமாரோ பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, "அத்திமர வீடு!" என்றார்.

நொயேலியா கோப்பை உயர்த்தினாள். லிசார்தோ அழகான கலீசிய மொழியில், "இதோ இருக்கோம்!" என்றான். தன் வழக்கைச் சுத்தமாக மறந்துபோன கார்மே, பழக்கதோஷத்தில் இரண்டாவது மண்வெட்டியை உயர்த்தினார்.

ஊரே சிரித்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். வியாழக்கிழமை யாருக்கு?

விடை: கார்மேக்கு இல்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த மண்வெட்டியை அத்திமர வீட்டின் பெயருக்கு உயர்த்தி, "இது என்னுடையதல்ல" என்று ஊரறியச் சொன்னவர் அவரேதான். அவர் மட்டும் ஒற்றை மண்வெட்டியோடு வந்திருந்தால் அந்தக் கிழமை என்றைக்கோ பறிபோய், அவருக்கே கிடைத்திருக்கலாம். அவருடைய நேர்மைதான் அவர் வழக்கைத் தோற்கடித்தது. கோப்பும் பேச்சும் அந்த இருவரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று காட்டும், அவ்வளவுதான். விதி கேட்டது மண்வெட்டியை. ஆகவே கார்மேயின் கையிலிருந்து அதை வாங்கிச் சேற்றில் இறங்கும் அத்திமர வீட்டாருக்கே வியாழக்கிழமை. பெனவேர்தேயில் இருவருமே இறங்கினார்கள். இருப்பது ஒரு மண்வெட்டி என்பதால் மாற்றி மாற்றி வெட்டினார்கள். நொயேலியாவின் ஒரு செருப்பு இன்னும் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது. அன்று மாலையே வியாழனை இரண்டாகப் பிரித்தார்கள். மாலைப் பொழுது லிசார்தோவுக்கு. காலைப் பொழுதை நொயேலியா, தான் மறுபடி வரும்வரை அரைத்துக்கொள்ளும்படி கார்மேயிடமே விட்டுவிட்டு, அப்பாவுக்கு ஒரு ரொட்டியோடு விமானம் ஏறினாள். வெள்ளிச் சந்தைக்கு ஒரு குறையும் வரவில்லை. அடுத்த செப்டம்பரில் கார்மே முதன்முறையாக ஒற்றை மண்வெட்டியோடு வந்தார். "அத்திமர வீடு!" என்று அமாரோ கூப்பிட்டதும் லிசார்தோ தன் மண்வெட்டியை உயர்த்தினான். அதற்கு முன்பே கார்மேயின் கை உயர்ந்திருந்தது.