எறும்பு நுழையாத இடுக்குல மட்கார்டு

நாலு மணிக்குப் பொண்ணு பாக்கப் போவணும். வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட. வெளிய சாரல். எம் புது சைக்கிளுக்குத் தடி டயரு, மட்கார்டு கெடையாது. போன மாசம் இப்படித்தான் ஒரு எடத்துக்குப் போயி, சேத்துத் தண்ணி இடுப்புலேருந்து பிடரி வரைக்கும் கோடு போட்டுட்டு. "மாப்பிள்ள என்ன, அணிலு வம்சமா?"ன்னு பொண்ணோட அத்த கேட்டா. சம்பந்தம் அங்கயே முடிஞ்சிது.

அதனால இந்தத் தடவ ரெண்டு மணிக்கே வன்னமுத்து அண்ணாச்சி சைக்கிள் கடையில போயி நின்னேன்.

"அண்ணாச்சி, டயருக்கும் ப்ரேமுக்கும் நடுவுல வெரலு போவாது. மட்கார்டு மாட்ட முடியுமா?"

அண்ணாச்சி ஸ்பேனரக் கீழ வச்சாரு. அவரு கை நின்னா வாயி ஆரம்பிச்சிரும்.

"இதெல்லாம் ஒரு இடுக்காடே? ஆலங்குளத்துக்காரன் ஒருத்தன் கொண்டாந்தான் பாரு! அவன் சைக்கிளு இடுக்குல எறும்பு போவணும்னா, வாயில இருக்க சீனிய வெளிய வச்சிட்டுத்தான் போவணும்."

பக்கத்து டீக்கடை காதர் பாய் எட்டிப் பாத்தாரு. "எறும்பு ஒம்மகிட்ட வந்து சொல்லிச்சாக்கும்?"

"குறுக்க பேசாதயும் வே. மூணு நாளு தகரத்தத் தட்டுனேன். எவ்வளவு மெலிசு தெரியுமா? அதுக்கு ஒரு பக்கந்தான் இருந்துச்சு. மறுபக்கமே கெடையாது!"

"மணி ரெண்டரை அண்ணாச்சி."

"இருடே, கேளு. அப்பவும் நுழையல. நான் என்ன செஞ்சேன்? ஊசிய எடுத்து டயரு மூஞ்சிக்கு நேரா காட்டுனேன். பயத்துல டயரு ஒரு சுத்து எளச்சிட்டு. அந்த நேரம் பாத்துச் சொருவிட்டேன்!"

காதர் பாய் ஒரு காலி எண்ணெ கேன நீளவாக்குல ரெண்டா வெட்டிக்கிட்டே, "பொறவு டயரு தேறிச்சா?"ன்னாரு.

"தேறிச்சாவா? அவன் அடமழையில குத்தாலத்துக்கு ஓட்டிட்டுப் போனான். சேறெல்லாம் இடுக்குல சிக்கிட்டு. வடிகட்டுன தண்ணி மட்டும் பின்னால கொட்டுது. பொம்பளையாளுவ கொடத்தத் தூக்கிட்டு சைக்கிளு பின்னாலயே ஓடுதாவ. வழியில மூணு ஊருக்குக் குடிதண்ணிப் பஞ்சம் தீந்துச்சு!"

"அண்ணாச்சி, மணி மூணு!" எனக்கு அழுவ வந்துட்டு.

"பறக்காதடே, சுத்தியல எடுத்துட்டு வாரேன்"னு உள்ள திரும்புனாரு. அப்பதான் பாத்தேன். காக்கிச் சட்டையில இடுப்புலேருந்து பிடரி வரைக்கும் காய்ஞ்ச சேறு, ஒரே கோடு.

"அண்ணாச்சி, முதுவுல என்ன சேறு?"

அவரு நிக்கக்கூட இல்ல. "சேறா? நேத்து தட்டுன மட்கார்டுல்லாடே அது! காலையிலேருந்து தேடுதேன். மெலிசு பாரு, சட்டையில ஒட்டுனதே தெரியல."

அதுக்குள்ள காதர் பாய் வெட்டுன கேன் பாதிய என் சீட்டுக்கடியில கம்பி போட்டு இறுக்கிக் கட்டிட்டுக் கையத் தொடச்சாரு.

"நீ கெளம்பு மாப்ள. வேய் வன்னமுத்து, இன்னொரு பாதி கெடக்கு. ஒம்ம சைக்கிளுக்குக் கட்டவா?"