சாட்டை பிடிக்க ஒரு கை

இன்று பெயர்கூட மிஞ்சாத ஒரு நாட்டை முன்பொரு காலத்தில் இளங்கண்டராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் எது மனசில் தைத்தாலும் அந்த நிமிஷமே அது உத்தரவாகிவிடும்.

ஒரு கோடையில் தலைநகரில் வாந்திபேதி பரவியது. நோய் கண்டவர்களை ஊருக்கு வெளியே ஒரு சாவடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தார்கள். உப்பு விற்கிற பேச்சாயி மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனாள். கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு அவர்கள் வாயில் ஊற்றினாள். அழுக்கைக் கழுவினாள். செத்தவர்களுக்குக் குழியும் வெட்டினாள். பலர் பிழைத்தார்கள்.

நோய் அடங்கியதும், மந்திரி சாத்தப்பர் சொல்லி, ராஜா அவளைச் சபைக்கு அழைத்தான். "என்ன பரிசு வேண்டும், கேள்!"

"பரிசு எதுக்குங்க சாமி? செய்ய வேண்டியதைத்தானே செஞ்சேன்" என்றாள் பேச்சாயி.

சபை உருகியது. பிரதானி ஏகாம்பரருக்கு மட்டும் எரிந்தது. மந்திரியின் யோசனை எது பலித்தாலும் அவருக்கு அப்படித்தான்.

"பிரபு, செய்ய வேண்டியது என்கிறாளே. அப்படியானால் செய்யாத ஊரார் அத்தனை பேரும் கடமை தவறியவர்கள்தானே? அவர்களைச் சும்மா விடலாமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "சரியான பேச்சு! வீட்டுக்குள் பதுங்கிக் கிடந்த எல்லோருக்கும் நாளை சாட்டையடி!"

"ஐயோ சாமி! அது நான் எனக்குச் சொல்லிக்கிட்டதுங்க. ஊருக்குச் சொல்லலை!" என்று பேச்சாயி பதறினாள். சபை அதற்குள் கலைந்துவிட்டது.

மறுநாள் காலை அரண்மனைத் திடலில் ஊர் தலைகுனிந்து நின்றது. சாத்தப்பர் சாட்டையோடு முன்னால் வந்தார்.

"ஒரு சின்னச் சந்தேகம், பிரபு. சாவடிக்குப் போகாதவனை, சாவடிக்குப் போகாத சேவகன் அடித்தால், அந்தச் சேவகனை யார் அடிப்பது?"

ராஜா தாடியைத் தடவினான். "அதுவும் சரிதான். போனவர்களே அடிக்கட்டும்."

"போனது பேச்சாயி ஒருத்திதான். அடியும் பதவி வரிசைப்படி விழட்டும். ஏகாம்பரரே, வாரும்."

"நான் ராஜாங்க வேலையில் அல்லவா இருந்தேன்!"

"நானும்தான். அரண்மனைக்குள் உட்கார்ந்து கஷாயம் குடிக்கிற ராஜாங்க வேலை. இரண்டு பேருமே முதுகைக் காட்டுவோம். நமக்கும் மேலே..." சாத்தப்பர் நிறுத்திக்கொண்டார். எல்லோர் கண்ணும் சிம்மாசனத்துக்குப் போனது. ராஜாவின் முகம் வெளுத்தது.

சாத்தப்பர் நீட்டிய சாட்டையைப் பேச்சாயி பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு ஊராரிடம் போனாள்.

"இவ கையில பால்குடி. வந்திருந்தா நானே விரட்டியிருப்பேன். இந்தக் குயவர் சாவடி வேலியோரமா புதுப்பானை வெச்சிட்டு ஓடிடுவார். பயம். ஆனா ஒருநாளும் வெக்காம இருந்ததில்லை."

ஜவுளிக்கடை மாசிலாமணி முன்னால் அவள் நின்றாள். "நீ உங்கப்பா சாகிறப்பகூட வரலை." அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுப்பா" என்றாள் அவள். கை ஓங்கவில்லை.

கடைசியாக ஏகாம்பரரிடம் வந்தாள். "உங்க சமையக்காரி குப்பாத்தாளை வெயில்ல வெளியே தள்ளினீங்களே, அவ பிழைச்சுட்டா. நினைவு வந்தப்பல்லாம், 'ஐயா வீட்டுக் குழந்தைங்க சாப்பிட்டாங்களா'ன்னுதான் கேட்டா."

ஏகாம்பரர் அங்கவஸ்திரத்தை எடுத்துக் கீழே போட்டார். "என்னை அடி, தாயே" என்றார். குரல் உடைந்திருந்தது. அவள் சாட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

ராஜா இறங்கி வந்தான். "நான் என்ன செய்திருக்க வேண்டும்? சாவடிக்கு வந்திருக்க வேண்டுமா?"

"நீங்க வந்து என்ன செய்வீங்க சாமி? தண்ணி சுமந்தே என் இடுப்பு ஒடிஞ்சுது. ரெண்டு தண்ணி வண்டி அனுப்பியிருந்தா இன்னும் சில பேர் பிழைச்சிருப்பாங்க."

"அன்றைக்கே வந்து கேட்டிருக்கலாமே?"

"வந்தேனுங்க. அரண்மனைக் கதவு சாத்தியிருந்துச்சு."

ராஜா உத்தரவை ரத்து செய்தான். சாவடி ஓரத்தில் கிணறு வெட்டவைத்தான். வண்டிகளுக்குத் தானே பொறுப்பேற்றான். சாத்தப்பருக்குத் தன் கழுத்து மாலையைப் போட்டான். ஏகாம்பரர் அன்று சாயங்காலமே குப்பாத்தாளைத் தேடிப் போனார்.

அடுத்த கோடையில் நோய் மறுபடி தலைகாட்டியது. செய்தி கேட்டுப் பேச்சாயி சாவடிக்கு விரைந்தாள். அங்கே ஏற்கெனவே புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பயம் போகாத முகத்தோடு மாசிலாமணி கஞ்சிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் உத்தரவு போடவில்லை.